ஷட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, சாமி

சாமி, உன் போன் வந்துகொண்டேதான் இருக்கிறது. நான் எடுக்கவில்லை, இப்போதைக்கு எடுக்கவும் போவதில்லை. எடுத்தால் நீ "அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளும்மா" என்பாய். உன் குரலைக் கேட்டதும் எனக்கு மனசு இளகிவிடும். கேட்க வேண்டியதைக் கேட்காமல் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். இத்தனை வருடமாக அப்படித்தான் நடக்கிறது. எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன். பெங்களூரில் உன் ஆபீஸ் வேலையை முடித்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, உட்கார்ந்து முழுசாகப் படி. உன் பெண்டாட்டியும் படிக்கட்டும். பெற்றவளுக்கு இதே வேலையைச் செய்கிற மற்ற மகன்களும் மகள்களும் படிக்கட்டும். ஊருக்குத் தெரிந்தால் தெரியட்டும். வெட்கப்பட வேண்டியவள் நானில்லை.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். நாமக்கல்லில் நம் வீட்டுக் கார் ஷெட்டுக்குக் கையால் தூக்குகிற இரும்பு ஷட்டர்தான் இருந்தது. ஒரு தீபாவளிக்கு நீ வந்தபோது நான் குனிந்து அதைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு, "இடுப்பு போயிரும்மா" என்று ஒரே ரகளை பண்ணி, மோட்டார் வைத்த ஷட்டராக மாற்றிக் கொடுத்தாய். கையில் ஒரு ரிமோட், சுவரில் ஒரு சுவிட்ச். அமுக்கினால் தானாக ஏறும், தானாக இறங்கும். எனக்கு எத்தனை பெருமை தெரியுமா? பண்ணையில் முட்டை எடுக்கிற பெண்களிடமெல்லாம் "என்ற பையன் போட்டுக் குடுத்தான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். போனிலிருந்தும் இதை இயக்கலாமாம், மாட்ட வந்தவர் அன்று கேட்டார், "யாரு போனுலங்க இதச் சேக்கறது?" என்று. "என்ற போன்லயே சேத்துருங்க, அம்மாவுக்கு எதுக்கு அந்தத் தலவலி" என்றாய். அதையும் நான் பாசம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ஓரமாக ஒரு சங்கிலி தொங்கியது. கரண்ட் இல்லாவிட்டால் கையால் இழுத்துத் திறப்பதற்காம். "அதை மட்டும் தொட்றாதம்மா, கை மாட்டிக்கிச்சுன்னா வெரல் போயிரும்" என்று பயமுறுத்தி வைத்தாய். நானும் தொட்டதில்லை.

ஐப்பசியில் ஒரு திங்கட்கிழமை காலை. சேலத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது, என்ன வேலை என்று பின்னால் சொல்கிறேன். வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்குப் போகிற கதவைத் திறந்து, பையை வண்டியில் வைத்துவிட்டு, ரிமோட்டை அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. சுவிட்சை அமுக்கினேன், அதுவும் இல்லை. மேலே மோட்டார்ப் பெட்டியில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. கோழிப் பண்ணை நடத்துகிறவளுக்கு மோட்டார் நின்றுபோவது புதிதா? தண்ணீர் மோட்டார் நிற்கும், தீவனம் அரைக்கிற மில் நிற்கும், எலக்ட்ரீஷியன் வருகிறவரை கோழி தாகத்தோடு காத்திருக்காது. கரண்ட் வருகிறதா என்று பார், அப்புறம் ஃபியூஸ், அப்புறம் எலி கடித்த வயர், கடைசியில்தான் மோட்டார். அந்த வரிசையில்தான் பார்த்தேன். ஷெட் பல்பு எரிந்தது, ட்ரிப்பர் விழவில்லை, வயரில் கடியில்லை. உங்கப்பாவை வாட்ச் கடைக்கு அனுப்பி ரிமோட்டுக்குப் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். அசையவில்லை. அப்போதுதான் உனக்குப் போன் பண்ணினேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை, சாமி. நீ வீடியோவில் வந்தாய். என்ன பொறுமை, என்ன அக்கறை! "மேல பொட்டியில லைட் எரியுதாம்மா?" என்றாய். எரிகிறது என்றேன். "விட்டு விட்டு எரியுதா, நின்னு எரியுதா?" சரியாகத் தெரியவில்லை என்றதும், ஸ்டூலில் ஏறிப் பார்க்கச் சொன்னாய். முட்டி வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறவள் நான். உங்கப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, "செவப்பா நின்னு எரியுது சாமி" என்று சொன்னேன். "செரி, அது ஒண்ணுமில்ல, எறங்கிக்க. பாத்து, பாத்தும்மா" என்றாய். பிறகு கொஞ்சம் யோசிக்கிற மாதிரி யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாய் பார், "அம்மா, ஆயுத பூஜைக்கு அந்த சென்சார் மேல பொட்டு வெச்சியா?" என்று.

வைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது? நம் வீட்டில் ஆயுத பூஜையென்றால் மில்லுக்கு வைப்போம், தராசுக்கு வைப்போம், தண்ணீர் மோட்டாருக்கு வைப்போம், கார் முகத்துக்கு வைப்போம். நமக்கு உழைக்கிறது எதுவோ அதற்கெல்லாம் சந்தனம் குங்குமம் உண்டு. ஷட்டருக்கு இரண்டு பக்கமும் முழங்காலுக்குக் கீழே குட்டிக் குட்டிப் பெட்டி இருக்கிறதே, அந்த சென்சாருக்கும் நடுவில் பார்த்து ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். அதன் நடுவில்தான் கண்ணாடி இருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? "அதாம்மா, அத அடச்சுட்ட" என்றாய். "பூஜை முடிஞ்சு இத்தன நாளு நல்லாத்தான சாமி ஓடுச்சு?" என்று கேட்டேன். என் மூளை அன்று வேலை செய்தது பார், சரியாகத்தான் கேட்டிருக்கிறேன். "காஞ்சு பொடியாகி இப்பத்தான் உள்ள போயிருக்கும்மா" என்று கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாய். நான் நம்பினேன். இஞ்சினியர் சொல்கிறான், நான் பெற்ற பிள்ளை சொல்கிறான், நம்பாமல்?

தரையில் உட்கார்ந்து பனியன் துணியால் துடைத்தேன். பட்ஸ் வைத்து ஓரமெல்லாம் துடைத்தேன். தினமும் நீ போன் பண்ணி "இன்னொருக்கா தொடச்சுப் பாரும்மா", "கம்பெனிக்குச் சொல்லிட்டேன், ஆளு வாராங்க" என்றாய். ஆளும் வரவில்லை, ஒருத்தரும் வரவில்லை. முட்டை ஏற்றுகிற டெம்போவில் முன் சீட்டில் உட்கார்ந்து பண்ணைக்குப் போய் வந்தேன். சேலத்து வேலை தள்ளிப்போனது. உங்கப்பா ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வயசாச்சு புள்ள நமக்கு, இந்த மிசினெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்றார். அது என் நெஞ்சில் தைத்தது. வெள்ளிக்கிழமை காலை சாமி கும்பிட்டுவிட்டு வழக்கம்போல் கிரைண்டருக்குப் பொட்டு வைக்கப் போனேன், கை வரவில்லை. இதையும் கெடுத்துவிடுவோமோ என்று விரலில் குங்குமத்தோடு அப்படியே நின்றேன். பண்ணையில் எந்த மெஷினும் என்னால் கெட்டதில்லை. ஒரே வாரத்தில் என்னை நானே முட்டாள் என்று நினைக்க வைத்துவிட்டாய்.

கடைசியில் நானே முட்டை குடோன்களுக்கு ஷட்டர் வேலை பார்க்கிற குமாரைக் கூப்பிட்டேன். வாய் ஓயாத ஆள். வரும்போதே, "ஏனுங்கம்மா, ஊட்டுல டீ கெடைக்குங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார். அண்ணாந்து பெட்டியைப் பார்த்தார். சங்கிலியைப் பிடித்து மளமளவென்று இழுத்தார், ஷட்டர் பாட்டுக்கு ஏறிவிட்டது. விரலெல்லாம் அவருக்குப் பத்திரமாகத்தான் இருந்தது. நான் பொட்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "அந்த சென்சாரு மூடறப்பக் குறுக்க ஆளு நின்னா நிறுத்தறதுக்குங்க, அதுல அழுக்கு இருந்தா மூடறதுதானுங்கம்மா மாட்டும். தொறக்கறதுக்கும் அதுக்கும் என்னுங்க சம்பந்தம்? மோட்டார்ல ஒரு பழுதும் இல்லீங்க. செவப்பு நின்னு எரியுதுல்லங்க, பூட்டியிருக்குதுன்னு அர்த்தம். ரிமோட்டு, சுவிட்சு ரெண்டயும் சேத்து ஆரோ போன்ல பூட்டி வெச்சிருக்காங்க" என்றார். யார் போன் என்று நான் கேட்டதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. அதுவரை பேசிக்கொண்டே இருந்த மனுஷன் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அது உங்க ஊட்டு விசயமுங்க, என்னய உட்ருங்க" என்றார்.

அட கெரகமே! சென்சார் இல்லை, பொட்டு இல்லை, பேட்டரி இல்லை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நீதான் பூட்டியிருக்கிறாய். பூட்டிவிட்டு, நான் ஸ்டூலில் ஏறி "நின்னு எரியுது" என்று சொன்னபோது, அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தே "ஒண்ணுமில்ல" என்றிருக்கிறாய். தரையில் உட்கார்ந்து நான் குங்குமம் துடைப்பதை வீடியோவில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய். போன் பண்ணி "நீதான் பூட்டுனயா?" என்றேன்.  "உன்ற நல்லதுக்குத்தாம்மா" என்றாய். அத்தோடு வைத்துவிட்டேன். நல்லது என்றால் என்ன என்று நீ யாரிடம் கற்றுக்கொண்டாய்? வண்டி ஓட்டினால் எனக்கு அடிபடும் என்று பயந்தவன், முட்டி வலிக்காரியை ஸ்டூலில் ஏற்றலாமா? எந்த ஊர் நியாயம் இது?

எல்லாம் அந்த டெம்போ விவகாரத்தால் வந்தது என்று உங்கப்பாவைக் குடைந்தபோது தெரிந்தது. ஷட்டர் நிற்பதற்கு முந்தின வாரம் பண்ணை கேட்டுக்கு முன்னால் நான் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறேன், முட்டை டெம்போ பின்னால் பார்க்காமல் ரிவர்ஸில் வந்து என் கண்ணாடியை உரசிவிட்டது. டிரைவர் இறங்கி ஓடிவந்து, "தப்பு என்மேலதானுங்கம்மா" என்று கும்பிட்டான். நடந்தது இவ்வளவுதான். உங்கப்பா உன்னிடம் "உங்கம்மா வண்டிய இடிச்சுட்டா" என்று தாக்கல் சொல்லியிருக்கிறார். "பையன் கேட்டான், சொன்னேன் புள்ள. அவன் பூட்டுவான்னு எனக்கென்ன தெரியும்?" என்று இப்போது முழிக்கிறார். அவருக்கு வேண்டியதை நான் கொடுத்தாயிற்று. உன்னைத்தான் கேட்கிறேன். எனக்கு ஒரு போன் போட்டு, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்க உன்னால் முடியாதா? ஓட்டியவள் நான், விசாரணை மட்டும் உங்கப்பாவிடமா?

நான் எதற்காக ஓட்டக் கற்றுக்கொண்டேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? உன்னை ராசிபுரம் பக்கம் ஹாஸ்டலில் சேர்த்திருந்தோம். ஒரு நாள் மத்தியானம் வார்டன் போன் பண்ணி, காய்ச்சல் குறையவேயில்லை, வந்து அழைத்துப் போங்கள் என்றார். உங்கப்பா முட்டை லோடோடு ஆந்திராவில் இருந்தார். கார் ஷெட்டில் நிற்கிறது, எனக்கு ஓட்டத் தெரியாது. வீடு வீடாகப் போய் "ஆராச்சும் ஓட்டிட்டு வாரீங்களா" என்று கெஞ்சினேன். அவரவர்க்கு அவரவர் வேலை. பஸ் மாறிப் பஸ் ஏறி நான் வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. நீ பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாய். அந்த மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே என் கூட ஓட்டப் பழகியவர்கள் எல்லாம் கல்லூரிப் பையன்கள், நான் ஒருத்திதான் சேலை. பரமத்தி ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னாலிருந்து ஹாரன் அடித்தவர்களிடம் எத்தனை வசவு வாங்கியிருப்பேன்! பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழிக்குழம்போடு உன் ஹாஸ்டல் வாசலுக்கு வந்து நின்றது யார்? "எங்கம்மா கார் ஓட்டும்" என்று உன் சிநேகிதர்களிடம் நீ சொன்னதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

உங்கப்பா ஓட்டுவதை நிறுத்தியது எப்படி என்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்து வந்த பிறகு, அவர் கியர் மாற்றும்போது கை தடுமாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சாவியை ஒளித்து வைத்திருக்கலாம். பெட்ரோல் இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் நான் செய்யவில்லை. "ஏனுங்க, நீங்க ஓட்டறது எனக்கு பயமா இருக்குதுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். "எனக்கேவா சொல்ற, நான் கல்கத்தா வரைக்கும் ஓட்டுனவன்" என்று குதித்தார். சோறு வேண்டாம் என்றார், பேச்சு வேண்டாம் என்றார், தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு என்னைப் பற்றிப் புகார் சொன்னார். நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கோபம் தணிந்த பிறகு அவரே வந்து, "இனி நீயே ஓட்டு புள்ள" என்றார். அன்றைக்கு அவர் திட்டியதை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இருந்தது. உனக்கு என் திட்டுக்குப் பயம், அதனால்தான் பூட்டு. வயதானவர்களிடம் ஒன்றை வேண்டாம் என்று சொல்வதானால் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும், அவர்கள் அழுதாலும் கத்தினாலும் எழுந்து போகாமல் இருக்க வேண்டும். நாளைக்கு உன் மாமியாருக்கோ மாமனாருக்கோ நீ இதைச் சொல்ல வேண்டி வரும், அன்றைக்காவது ஒழுங்காகச் செய். நம் பண்ணையில் கூண்டுக் கோழிக்குத்தான் எப்போது விளக்கு எரிய வேண்டும், எப்போது தீனி விழ வேண்டும் என்று நாம் வெளியே நின்று சுவிட்ச் போடுகிறோம். அதனிடம் கேட்க முடியாது, அதனால் போடுகிறோம். என்னிடம் கேட்கலாம், சாமி. எனக்கு வாயிருக்கிறது.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். சேலத்தில் என்ன வேலை என்றால், ஃபேர்லேண்ட்ஸில் கண் டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தேன். ஆடி மாதத்திலிருந்தே பொழுது சாய்ந்தால் எதிரில் வருகிற லாரி விளக்கில் எனக்குக் கண் கூசுகிறது, வெளிச்சத்தைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது. அன்றிலிருந்து இருட்டிய பிறகு நான் சாவியைத் தொடுவதில்லை. உங்கப்பாவுக்குக்கூட அது தெரியாது, முட்டைக் கணக்கு முடிந்தது என்று சொல்லிப் பண்ணையிலிருந்து வெளிச்சத்திலேயே கிளம்பிவிடுவேன். டாக்டரிடம் காட்டிவிட்டு, கண்ணுக்கு மருந்து விடுவார்கள், அன்று ஓட்ட முடியாது என்பதால் பக்கத்திலேயே பெரியம்மா மகள் வீட்டில் தங்கி, மறுநாள் காலையில் வருவதாகத் திட்டம். நீ எதற்குப் பயந்தாயோ அதைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் கிளம்பினேன். அந்த வழியைத்தான் நீ பூட்டினாய். "நீயும்தான் எங்ககிட்ட மறச்ச" என்று சொல்வாய். ஆமாம், மறைத்தேன். கண் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீங்கள் எல்லோரும் சேர்ந்து வண்டியை விற்றுவிடுவீர்கள் என்ற பயத்தில் மறைத்தேன். அந்தப் பயம் வீண் பயமில்லை என்று நீயே காட்டிவிட்டாயே!

குமார் ஷட்டரைத் திறந்த மறுவாரம் போய்க் காட்டிவிட்டு வந்தேன். ரெண்டு கண்ணிலும் புரையாம். "பகல்ல ஓட்டுங்கம்மா, பொழுது எறங்குனா வேண்டாம். எடது கண்ணுக்கு மொதல்ல ஆபரேசன் பண்ணிரலாம்" என்றார் டாக்டர். எத்தனை எளிதாகச் சொல்லிவிட்டார் பார், எனக்குக் கோபமே வரவில்லை. எதிரில் உட்கார்ந்து சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். ஷட்டர் விஷயத்துக்கும் முடிவு கட்டியாயிற்று. குமார் பெட்டியைத் திறந்து, ஏதோ ஒரு பட்டனில் கை வைத்துக்கொண்டு, "பழைய போனெல்லாம் அழிஞ்சிருமுங்க, பரவால்லீங்களா?" என்று கேட்டார். "அதுதான் எனக்கு வேணும்" என்றேன். இப்போது அது என் போனில் மட்டும்தான் இருக்கிறது. ஆயுத பூஜைப் பொட்டையும் திரும்ப வைத்துவிட்டேன், கண்ணாடியை விட்டுக் கொஞ்சம் தள்ளி.

ஆபரேஷன் கார்த்திகை கடைசி வியாழக்கிழமை. அன்று நான் ஓட்ட முடியாது, உங்கப்பாவும் ஓட்ட மாட்டார். கூப்பிட்டால் டெம்போக்காரன் வருவான், பக்கத்து வீட்டுக்காரர் வருவார். நான் இன்னும் யாரையும் கூப்பிடவில்லை. ஓட்ட வேண்டியவன் நீ. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறேன், வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டேதான் வருவேன், அதற்கும் தயாராக வா. புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் வந்து சேர். வாசலில் வந்து உன் போனை எடுத்து அமுக்கிக்கொண்டு நிற்காதே, அதில் இனிமேல் நம் வீட்டு ஷட்டர் திறக்காது. வண்டியை விட்டு இறங்கி, ஷட்டருக்கு முன்னால் நின்று, "அம்மா, நாந்தான், தொறம்மா" என்று வாயைத் திறந்து கூப்பிடு. நான் உள்ளேதான் இருப்பேன். கேட்டதும் திறக்கிறேன்.

உன் அம்மா